மன்னிப்புக் கேட்ட மரபியல் சங்கம்: ஒரு மௌனத்தின் வரலாறு

2023 ஜனவரியில் அமெரிக்க மனித மரபியல் சங்கம் தன்னைப் பற்றித் தானே ஒரு அறிக்கை வெளியிட்டது. 1948இல் தொடங்கி 75 ஆண்டுகளில் அந்தச் சங்கமும் அதன் தலைவர்களும் எங்கே நின்றார்கள், யாருக்குத் துணை போனார்கள், எப்போது வாயை மூடிக்கொண்டார்கள் என்று ஒரு நிபுணர் குழுவை வைத்துத் தேடி எழுதிய அறிக்கை அது. கூடவே சங்கத்தின் நிர்வாகக் குழு பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டது. உலகில் மனித மரபணுக்களை ஆராய்வோருக்கான மிகப் பெரிய அமைப்பு இதுதான். நம் ஊர்ச் செய்தித்தாள்களில் இது பெரிதாக வரவில்லை. ஆனால் சாதியைப் பற்றிப் பேசுகிற நமக்கு இதில் வேலை இருக்கிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

மன்னிப்பு எதற்காக என்று புரிய வேண்டுமானால் சங்கம் பிறப்பதற்கு நாற்பது வருடம் முன்னே போக வேண்டும்.

1907இல் இண்டியானா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. ‘மனவளர்ச்சி குன்றியவர்’, குற்றவாளி என்று அரசு முத்திரை குத்தியவர்களுக்கு அவர்கள் சம்மதம் இல்லாமலே கருத்தடை செய்யலாம் என்பது அந்தச் சட்டம். உலகில் முதல் சட்டம் அதுதான். பிறகு 30க்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்கள் அதே வழியில் போயின. இதற்குப் பின்னால் இருந்த கொள்கைக்குப் பெயர் யூஜெனிக்ஸ். நல்ல விதையைப் பெருக்கு, கெட்ட விதையை அழி என்று விவசாயத்தில் சொல்வதை மனிதர்களிடம் செய்து பார்க்கிற கொள்கை. வறுமை, குடிப்பழக்கம், விபசாரம், படிப்பு ஏறாமை எல்லாமே ரத்தத்தில் வருகிறது என்று அவர்கள் நம்பினார்கள். நியூயார்க் அருகே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் 1910இல் யூஜெனிக்ஸ் பதிவு அலுவலகம் ஒன்று திறக்கப்பட்டது. சார்லஸ் டாவன்போர்ட், ஹாரி லாஃப்லின் என்ற இருவர் அதை நடத்தினார்கள். வீடு வீடாக ஆள் அனுப்பி, இந்தக் குடும்பத்தில் யார் ‘தகுதியற்றவர்’ என்று வம்சாவளி வரைபடம் போட்டார்கள். யார் வீட்டுக்குப் போனார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஏழைகள், புதிதாகக் கப்பலில் வந்து இறங்கியவர்கள், கறுப்பின மக்கள், ஆதரவற்றோர் இல்லங்களில் இருந்தவர்கள்.

1927இல் வர்ஜீனியாவைச் சேர்ந்த கேரி பக் என்ற இளம்பெண்ணின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தபோது வல்லுறவுக்கு ஆளாகிக் கர்ப்பமான பெண் அவர். அதை மறைக்க அவரை ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்று சொல்லி அரசு விடுதியில் அடைத்தார்கள். அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 8 நீதிபதிகள் ஒரு பக்கம், ஒரே ஒருவர் எதிர்ப்பக்கம் என்று தீர்ப்பு வந்தது. அந்த நூற்றாண்டில் அமெரிக்காவில் இப்படிக் கருத்தடை செய்யப்பட்டவர்கள் 60,000 பேருக்கும் மேல். லாஃப்லின் எழுதிய மாதிரிச் சட்டத்தை 1933இல் ஹிட்லரின் அரசு தன் கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. 1936இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் லாஃப்லினுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஜெர்மனியில் நடந்த கொடுமைக்கு அமெரிக்க ஆய்வகம் ஒன்று வரைபடம் தந்தது என்பதைப் பாடப் புத்தகங்கள் மெதுவாகத்தான் சொல்லிக்கொடுக்கின்றன.

இனி 1948க்கு வருவோம். போர் முடிந்து, வதை முகாம்களின் படங்கள் உலகம் முழுக்கப் பரவிய பிறகு, மனித மரபியலுக்கு ஒரு புதுச் சங்கம் தொடங்குகிறார்கள். முதல் தலைவர் ஹெர்மன் முல்லர். எக்ஸ் கதிர் மரபணுவில் மாற்றத்தை உண்டாக்கும் என்று கண்டுபிடித்து 1946இல் நோபல் பரிசு வாங்கியவர். இவரை எளிதாக ஒரு பெட்டிக்குள் போட முடியாது. 1932இல் நியூயார்க்கில் நடந்த யூஜெனிக்ஸ் மாநாட்டிலேயே எழுந்து நின்று, வர்க்க ஏற்றத்தாழ்வு இருக்கும் சமூகத்தில் யார் மரபால் மேலானவர் என்று யாராலும் சொல்ல முடியாது, நீங்கள் செய்வது பணக்காரர்களின் அரசியல் என்று முகத்துக்கு நேரே சொன்னவர். சோஷலிஸ்ட். அதே முல்லர் சாகும் வரை மனித இனத்தின் மரபைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தலாம் என்ற எண்ணத்தையும் விடவில்லை. இடதுசாரிகள் சாதி விஷயத்தில் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று படித்தவர்களுக்கு இந்த இரட்டை நிலை புதிதாகத் தெரியாது.

முல்லர் ஒருவர்தான் என்றால் பரவாயில்லை. சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஃபிரான்ஸ் கால்மன். ஜெர்மனியில் மனநோய்களின் மரபை ஆராய்ந்தவர். மனச்சிதைவு நோயாளிகளின் உறவினர்கள் நோயே இல்லாமல் இருந்தாலும், நோயைச் சுமப்பவர்களாக இருக்கலாம் என்பதால் அவர்களுக்கும் கருத்தடை செய்ய வேண்டும் என்று 1935இல் பெர்லினில் பேசினார். அடுத்த ஆண்டே யூத வம்சாவளி என்பதற்காக அவரே அந்த நாட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று. அமெரிக்காவுக்கு வந்தும் தன் கொள்கையை அவர் கைவிடவில்லை. ஒடுக்கப்பட்ட அனுபவம் ஒருவரைத் தானாகவே ஒடுக்குமுறைக்கு எதிரானவராக ஆக்கிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கால்மனைப் பார்க்கும்போது அப்படி இல்லை என்று தெரிகிறது.

வட கரோலினா கதைதான் இதில் எனக்கு மிகவும் கனமானது. அந்த மாநிலத்தில் 1933இல் அமைக்கப்பட்ட யூஜெனிக்ஸ் வாரியம் நாற்பது ஆண்டுகள் வேலை செய்தது. சுமார் 7,600 பேருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. மற்ற மாநிலங்களில் போருக்குப் பிறகு எண்ணிக்கை குறைந்தது. இங்கே கூடியது. அங்கே சமூகப் பணியாளர்களே நேராக வாரியத்துக்கு மனுப் போட முடியும். நலத்திட்ட உதவி வாங்கும் பெண்களின் பெயரை அவர்கள் பரிந்துரைப்பார்கள், வாரியம் சில நிமிடங்களில் முடிவெடுக்கும். 1960களில் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். எலைன் ரிடிக் என்ற சிறுமிக்கு 1968இல் 14 வயது. வல்லுறவால் உண்டான குழந்தையைப் பெற்றெடுத்த அதே நேரத்தில் அவருக்குத் தெரியாமலே கருத்தடை செய்துவிட்டார்கள். படிப்பறிவில்லாத பாட்டியிடம் கைநாட்டு வாங்கினார்கள். கல்யாணம் ஆகிக் குழந்தை வேண்டும் என்று டாக்டரிடம் போன பிறகுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது.

சமூகப் பணி என்பது என் தொழிலும்கூட. விண்ணப்பம் எழுதுவது, குடும்ப விவரம் சேகரிப்பது, ‘இந்தக் குடும்பம் உதவிக்குத் தகுதியானது’ என்று பரிந்துரைப்பது எல்லாம் அன்றாட வேலை. அந்தக் கோப்புகளை நிரப்பியவர்களும் நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் நிரப்பியிருப்பார்கள். அதனால்தான் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன்.

இதே வட கரோலினாவில் வின்ஸ்டன் சேலம் நகர மருத்துவக் கல்லூரியில் மருத்துவ மரபியல் துறையை 1941இல் தொடங்கியவர் வில்லியம் ஆலன். யூஜெனிக்ஸ் ஆதரவாளர். 1943இல் அவர் இறந்ததும் துறை நாஷ் ஹெர்ண்டன் கைக்கு வந்தது. சுற்றுவட்டாரத்தில் நடந்த கருத்தடைத் திட்டத்தோடு அந்தத் துறைக்கு நேரடித் தொடர்பு இருந்தது. ஹெர்ண்டன் 1950களின் நடுவில் அமெரிக்க யூஜெனிக்ஸ் சங்கத்துக்கும் தலைவராக இருந்தார், மனித மரபியல் சங்கத்துக்கும் தலைவராக இருந்தார். இரண்டு நாற்காலி, ஒரே ஆள். ஆலன் பெயரில் மனித மரபியல் சங்கம் 1960களில் ஒரு விருதை ஏற்படுத்தியது. சங்கத்தின் மிக உயர்ந்த விருது அது. அதை வாங்கிய பல விஞ்ஞானிகளுக்கு, ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர்கள் உட்பட, அந்தப் பெயரின் பின்னணி தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

2002இல் வின்ஸ்டன் சேலம் நகரப் பத்திரிகை ஒன்று வாரியத்தின் கோப்புகளைத் தோண்டி எடுத்துத் தொடர் கட்டுரை வெளியிட்ட பிறகுதான் ஊர் பேச ஆரம்பித்தது. கவர்னர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் நஷ்டஈடு கிடைக்க மேலும் பத்து வருடம் போராட வேண்டியிருந்தது. 2013இல்தான் மாநிலம் 1 கோடி டாலர் ஒதுக்கியது. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள். வாரியம் வழியாக அல்லாமல் உள்ளூர் அதிகாரிகளே செய்துவிட்ட அறுவைச் சிகிச்சைகளுக்கு, ‘பதிவில் இல்லை’ என்று சொல்லிப் பணம் மறுக்கப்பட்டது. பதிவு இல்லாததால் கொடுமையும் இல்லை என்கிற இந்த வாதத்தை, சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் தாலுகா அலுவலகத்தில் நின்ற எவருக்கும் அடையாளம் தெரியும்.

ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1960, 70களில் கத்தியைப் பிடித்தவர்கள் எல்லோரும் மரபியல் விஞ்ஞானிகள் அல்ல. 1973இல் அலபாமாவில் ரெல்ஃப் சகோதரிகள் என்ற 12, 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருத்தடை செய்தது மத்திய அரசு நிதியில் நடந்த ஒரு கிளினிக். எழுதப் படிக்கத் தெரியாத தாய், ஏதோ ஊசி போடத்தான் சம்மதம் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கீறல் போட்டார். 1973 முதல் 76 வரை நான்கே வட்டாரங்களில் 3,406 பூர்வகுடிப் பெண்களுக்குக் கருத்தடை நடந்ததாக அரசுத் தணிக்கை அறிக்கையே சொன்னது. அதைச் செய்தது பூர்வகுடிகளுக்கான அரசு சுகாதாரத் துறை. இவற்றில் மரபியல் சங்கத்தின் கை இல்லை. ஆனால் ‘இவர்கள் பெற்றுக்கொள்ளத் தகாதவர்கள்’ என்ற எண்ணத்துக்கு அறிவியல் சட்டை தைத்துக் கொடுத்தவர்கள் முந்தைய தலைமுறை விஞ்ஞானிகள். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மற்றவர்கள் ஊரைச் சுற்றியபோது, அது கிழிந்த சட்டை என்று சொல்ல வேண்டிய சங்கம் பேசவில்லை. 2023 அறிக்கை ஒப்புக்கொள்வதில் பெரும்பகுதி இதைத்தான். செய்ததைவிடச் சொல்லாமல் விட்டது அதிகம்.

பெயர் மாற்றங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. லண்டனில் ‘யூஜெனிக்ஸ் ஆண்டிதழ்’ என்று வந்துகொண்டிருந்த பத்திரிகையை 1954இல் ‘மனித மரபியல் ஆண்டிதழ்’ ஆக்கியவர் லயனல் பென்ரோஸ். அவர் யூஜெனிக்ஸை உண்மையாகவே எதிர்த்தவர், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர். அது கொள்கை மாற்றம். அமெரிக்காவிலோ யூஜெனிக்ஸ் சங்கத்தின் பத்திரிகை 1969இல் ‘சமூக உயிரியல்’ ஆனது, சில ஆண்டுகளில் சங்கமும் அதே மாதிரிப் பெயர் மாற்றிக்கொண்டது. உள்ளே இருந்த ஆட்கள் மாறவில்லை. தெருப் பெயரிலிருந்து சாதியை எடுத்துவிட்டுத் தெருவை அப்படியே வைத்திருக்கிற கதை நமக்குத் தெரியும்.

சிக்கில் செல் நோய் விவகாரம் வேறு வகைப் பாடம். ரத்தச் சிவப்பணு அரிவாள் வடிவத்துக்கு வளைந்துபோகும் பரம்பரை நோய் இது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் வெறும் சுமப்பவர், பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது. அமெரிக்காவில் இது கறுப்பின மக்களிடம் அதிகம். அரசு பல ஆண்டுகள் கண்டுகொள்ளவில்லை. 1971இல் பிளாக் பாந்தர் கட்சிதான் தெருத்தெருவாக இலவசப் பரிசோதனை முகாம் நடத்தி இதை அரசியல் பிரச்சினை ஆக்கியது. 1972இல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அதே சமயம் பல மாநிலங்கள் அவசரமாகப் போட்ட சட்டங்கள் கறுப்பினக் குழந்தைகளுக்கும் திருமணம் செய்யப்போகிறவர்களுக்கும் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. நோயாளிக்கும் சுமப்பவருக்கும் வித்தியாசம் தெரியாத சட்டங்கள் அவை. முடிவு வெளியே கசிந்தது. சுமப்பவர்களுக்குக் காப்பீடு மறுத்தார்கள், வேலை மறுத்தார்கள். விமானப்படைக் கல்லூரி அவர்களைச் சேர்க்க மறுத்தது, 1981 வரை. இரண்டு நோபல் பரிசு வாங்கிய லைனஸ் பாலிங், அதில் ஒன்று சமாதானத்துக்கானது, சுமப்பவர்களின் நெற்றியில் அடையாளமாகப் பச்சை குத்த வேண்டும் என்று 1968இல் எழுதினார். நல்லெண்ணத்தில்தான் எழுதினார். இருவர் தெரியாமல் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பதற்காக.

நெற்றியில் பச்சை. இதற்கு மேல் நான் விளக்கம் சொல்லப்போவதில்லை.

ஹவாசுபாய் என்பது கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் வாழும் சில நூறு பேர் கொண்ட பூர்வகுடி. அவர்களிடம் நீரிழிவு நோய் மிக அதிகம். அதற்கு மருந்து கண்டுபிடிக்க என்று சொல்லி 1990 முதல் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரத்தம் எடுத்தார்கள். 2003இல் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண், அதே பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் போய் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது: தங்கள் ரத்தத்தை வைத்து மனச்சிதைவு நோய், உறவுக்குள் திருமணம், தங்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்றெல்லாம் ஆய்வு நடந்திருக்கிறது. ஒருவரும் அனுமதி கேட்கவில்லை. வழக்குப் போட்டார்கள். 2010இல் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் இழப்பீடும், மிச்சமிருந்த ரத்த மாதிரிகளும் திரும்பக் கிடைத்தன. உறைபெட்டியிலிருந்து தங்கள் ரத்தத்தை, அதில் இறந்துபோனவர்களின் ரத்தமும் உண்டு, அவர்களே போய் வாங்கிக்கொண்டு ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

இந்தப் பின்னணியில்தான் மரபியல் சங்கம் மெல்ல மெல்லப் பேச ஆரம்பிக்கிறது. மரபணுத் தகவலை வைத்து வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்ற 2008ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தது. அந்தச் சட்டத்தில் ஓட்டை உண்டு, ஆயுள் காப்பீட்டுக்கு அது பொருந்தாது. 2018 அக்டோபரில், வெள்ளை இனவெறியர்கள் மரபணு ஆய்வுகளைக் காட்டித் தங்கள் ‘தூய்மை’ பேசுவது பெருகியபோது, சங்கம் ஒரு அறிக்கை விட்டது: மனிதர்களை உயிரியல் ரீதியாகத் தனித்தனிப் பெட்டிகளில் பிரிக்க முடியாது, இனத் தூய்மை என்பதற்கு அறிவியலில் அர்த்தமே இல்லை. 2022 மே மாதம் பஃபலோ நகரக் கடையில் 10 கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்றவன் தன் வாக்குமூலத்தில் மரபணு ஆய்வுக் கட்டுரைகளை மேற்கோள் காட்டியிருந்தான். அறிக்கையால் துப்பாக்கி நிற்கவில்லை. ஆனால் விஞ்ஞானிகள் ‘நாங்கள் தரவை மட்டும் தருகிறோம், பயன்படுத்துவது வேறு யாரோ’ என்று இனிச் சொல்ல முடியாத நிலை வந்தது. ஆலன் பெயர் விருதிலிருந்து எடுக்கப்பட்டது. 2023இல் மன்னிப்பு.

இந்த மன்னிப்பை எப்படி எடுத்துக்கொள்வது? என் பார்வையில், குற்றம் செய்த தலைமுறை போன பிறகு கேட்கப்படும் மன்னிப்புக்குச் செலவு குறைவு. எலைன் ரிடிக்குக்கு அது குழந்தையைத் தராது. ஆனாலும் ஒரு தொழில்முறைச் சங்கம் தன் ஆவணக் கட்டுகளைத் தானே திறந்து, தன் தலைவர்களின் பெயரைச் சொல்லி எழுதியதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. நம் நாட்டில் எந்த மருத்துவர் சங்கம், எந்த வழக்கறிஞர் சங்கம், எந்தப் பல்கலைக்கழகம் சாதி விஷயத்தில் தன் கோப்புகளை இப்படித் திறந்து உட்காரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது நம் பக்கம்.

அண்ணல் அம்பேத்கர் 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையை வாசித்தபோது, அதே நியூயார்க்கில் யூஜெனிக்ஸ் உச்சத்தில் இருந்தது. டாவன்போர்ட்டின் அலுவலகம் சில மணி நேரப் பயணத் தூரத்தில். நம் நாட்டிலோ ரிஸ்லி மூக்கின் அகலத்தை அளந்து சாதிக்கு வரிசை எண் போட்டிருந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் அளந்து 1909இல் ஏழு தொகுதி வெளியிட்டிருந்தார். அந்தச் சூழலில் 25 வயது மாணவர் ஒருவர், சாதி என்பது ரத்தத்தில் இல்லை, அகமண முறையில் இருக்கிறது, பெண்ணைக் கட்டுப்படுத்துவதில் இருக்கிறது என்று சொன்னார். 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் யூஜெனிக்ஸ் வாதத்தை நேராகவே எடுத்து உடைத்தார். சாதி ரத்தத் தூய்மைக்காக என்றால் ஒரே சாதிக்குள் எதற்கு இத்தனை உட்சாதி, சேர்ந்து உண்ணத் தடை எதற்கு என்று கேட்டார். 1948இல், மரபியல் சங்கம் பிறந்த அதே ஆண்டு, ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் அந்த மூக்கு அளவுகளையே எடுத்துப் போட்டு, தீண்டாமைக்கு இன வேறுபாடு காரணம் இல்லை என்று காட்டினார்.

2013இல் இதே அமெரிக்கச் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. பிரியா மூர்ஜானி, குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங், டேவிட் ரைக் முதலானோர் எழுதியது. துணைக்கண்டத்தின் 73 மக்கள் குழுக்களின் மரபணுவைப் பார்த்து அவர்கள் சொன்னது: சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இங்கே எல்லோரும் எல்லோரோடும் கலந்திருக்கிறார்கள். பிறகு கலப்பு நின்று அகமணம் வந்திருக்கிறது. இன்று எந்தக் குழுவும் கலக்காத குழு அல்ல. அம்பேத்கர் ஆய்வகம் இல்லாமல் 97 வருடம் முன்பு சொன்னதற்குப் பக்கத்தில் மரபணு வந்து நிற்கிறது.

இதைப் படித்ததும் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் தோழர்களே, இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வாட்ஸப்பிலும் யூடியூபிலும் ‘நாங்கள்தான் ஆதிக்குடி, மரபணு சொல்கிறது’ என்று நம் பிள்ளைகளே பகிர்கிறார்கள். ஆண்ட பரம்பரை பேசும் சாதிச் சங்கங்களும் அதே மாதிரி வீடியோ போடுகிறார்கள், வேறு ஒரு எழுத்தையும் எண்ணையும் காட்டி. நம் உரிமையை மரபணு மேல் கட்டினால், நாளை இன்னொரு ஆய்வு வேறு தேதியும் வேறு கலப்பும் சொல்லும்போது என்ன செய்வோம்? எல்லாக் குழுவும் கலந்தது என்று சோதனை சொன்னாலும் சரி, யாரோ ஒருவர் கலக்கவே இல்லை என்று சொன்னாலும் சரி, கோயில் வாசலும் குடிநீர்த் தொட்டியும் எல்லோருக்கும் பொது. அதற்கு எச்சில் மாதிரி கொடுத்து நிரூபிக்கத் தேவையில்லை. தீண்டாமைக்கு இனக் காரணம் இல்லை என்று அண்ணல் மெனக்கெட்டு ஒரு நூலில் எழுதியதற்கு எதிராகவே நாம் போய்க்கொண்டிருக்கிறோம்.

ஆபத்து வெறும் வீடியோவில் மட்டும் இல்லை. 2022இல் மத்திய கலாச்சார அமைச்சகம் இந்தியாவின் ‘இனத் தூய்மையை’ ஆராய டி.என்.ஏ. கருவிகள் வாங்கப்போவதாக ஒரு செய்தி வந்தது. அமைச்சகம் மறுத்தது. இருந்தாலும் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் வரலாற்றாளர்களும் அந்த எண்ணத்தையே எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் முழு மரபணு வரிசை எடுக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மருத்துவத்துக்கு இது நிச்சயம் வேண்டும். நூற்றாண்டுகளாக அகமணத்தால் பரம்பரை நோய்கள் சில சமூகங்களில் குவிந்திருக்கின்றன, அதைக் கண்டுபிடிக்க ஆய்வு இல்லாமல் வழியில்லை. அறிவியலை விட்டு ஓடச் சொல்லவில்லை நான். அந்த அறையில் நம் ஆட்கள் மாதிரி கொடுப்பவர்களாக மட்டும் இருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். மரபியல், உயிர்த்தகவலியல், அறவியல் குழு என்று எந்த நாற்காலி காலியானாலும் விண்ணப்பம் போடுங்கள்.

சிக்கில் செல் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது எங்கே தெரியுமா? நீலகிரியில். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் அங்குள்ள பழங்குடிகளின் ரத்தத்தில் பார்த்தார்கள். எழுபது வருடம் கழித்து, 2023 ஜூலையில் மத்திய அரசு சிக்கில் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. சோதனை செய்தவர்களுக்கு அவர்கள் நோயாளியா, சுமப்பவரா, இரண்டும் இல்லையா என்று குறித்த அட்டை தருகிறார்கள். திருமணத்துக்கு முன் அட்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது யோசனை. சிகிச்சைக்கு அது உதவும். ஆனால் அந்த அட்டையை யாரெல்லாம் கேட்பார்கள்? விடுதி வார்டன்? வேலைக்கு எடுக்கும் முதலாளி? பெண் பார்க்க வருகிறவர்கள்? சுமப்பவர் என்று தெரிந்த பெண்ணுக்கு என்ன ஆகும், அதே நிலையில் இருக்கும் ஆணுக்கு என்ன ஆகும்? அமெரிக்காவில் 1972இல் கேட்காமல் விட்ட கேள்விகள் இவை. அங்கே உள்ள அரைகுறைச் சட்டம்கூட நமக்கு இல்லை. மரபணுப் பாகுபாட்டைத் தடுக்க இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது.

மலைப்பகுதிகளிலும் காலனிகளிலும் வேலை செய்யும் தோழர்களுக்கு: ரத்த முகாம் வந்தால் தடுக்காதீர்கள், உள்ளே போய் நில்லுங்கள். சம்மதப் படிவம் தமிழில், கேட்பவருக்குப் புரியும் தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த நோய்க்கு மட்டுமா, வேறு ஆய்வுக்கும் மாதிரியைச் சேமித்து வைக்கப்போகிறார்களா என்று கேளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள்படி ஆய்வுக்காக மாதிரி எடுத்தால் அதைத் தனியாகச் சொல்லித் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைப் பிறகு திரும்பப் பெறலாம், அதற்காகச் சிகிச்சையை நிறுத்த முடியாது. படிவத்தின் நகல் ஒன்றைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.